கமெராவில் ஓடும், எடிட்டிங்கில் ஓடாது: வீடியோ ஃபார்மட் சிக்கலை அவிழ்க்க ஒரு முழு வழிகாட்டி

சுன்னாகத்தில் ஒரு கலியாண வீடு. இரண்டு மிரர்லெஸ் கமெரா, ஒரு பழைய ஹான்டிகாம், ஒரு கோப்ரோ, கூடவே கனடாவில் இருந்து வந்த மாப்பிள்ளையின் மச்சான் எடுத்த ஐபோன் கிளிப்புகள். இரவு வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் எடிட்டிங் மென்பொருளின் ஒரே டைம்லைனில் இழுத்துப் போட்டேன். முதல் கமெராவில் சத்தம் வருகிறது, படம் இல்லை. இரண்டாவது விக்கி விக்கி ஓடுகிறது. ஹான்டிகாமில் படம் வருகிறது, நாதஸ்வரம் ஊமை. கோப்ரோவில் தாலி கட்டுக்குப் பிறகு ஊஞ்சல் வருகிறது, நடுவில் கால் மணி நேரத்தைக் காணவில்லை. ஐபோனில் பொம்பிளையின் முகம் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துப்போய் இருக்கிறது.

அன்றைக்கு நான் செய்தது பெரிய பிழை. எல்லாக் கோப்புகளையும் அள்ளி, இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு இலவச கன்வேர்ட்டரில் போட்டு, விடியும்வரை ஓடவிட்டேன். காலையில் எல்லாம் திறந்தது. ஆனால் படம் மங்கல், சத்தம் உதட்டோடு ஒட்டவில்லை, கூறைச் சேலையின் சரிகை எல்லாம் சதுரம் சதுரமாக உடைந்திருந்தது. ஐந்து கோப்புக்கும் ஐந்து வேறு நோய். நான் எல்லாவற்றுக்கும் ஒரே கசாயத்தைப் பருக்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. எந்த நோய் என்று தெரியும்வரை கோப்பை மாற்றுவதில்லை. பாதிச் சிக்கலுக்கு மாற்றவே தேவை இருக்காது.

குட்டானும் பனங்கட்டியும்

‘இது எம்.பி.4 தானே அண்ணை, ஏன் திறக்கேல்லை?’ என்று பழகுகிற பெடியள் கேட்பார்கள். எம்.பி.4 என்பது குட்டான் மட்டும். பனையோலைக் குட்டானைப் பார்த்தால் உள்ளே பனங்கட்டி இருக்கும் என்று நினைப்போம். ஆனால் அது நல்ல கட்டியா, இளகிப்போனதா, சீனி கலந்ததா என்பது உடைத்துப் பார்த்தால்தான் தெரியும். கோப்பின் பெயருக்குப் பின்னால் வருகிற எம்.பி.4, எம்.ஓ.வி, எம்.ரி.எஸ், எம்.எக்ஸ்.எஃப், எம்.கே.வி எல்லாமே குட்டான்கள். உள்ளே படத்தை எப்படிச் சுருக்கி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் கோடெக். எச்.264, எச்.265, எம்பெக் 2, புரோரெஸ், டி.என்.எக்ஸ்.எச்.ஆர் எல்லாம் அந்த வகை. சத்தத்துக்கும் தனிக் கோடெக் உண்டு: ஏ.ஏ.சி, பி.சி.எம், டொல்பியின் ஏ.சி.3.

ஆகவே ஒரே எம்.பி.4 என்ற பெயரில் 2008ஆம் ஆண்டுக் கணினியே திறக்கக்கூடிய கோப்பும் இருக்கும், போன வருடம் வாங்கிய மடிக்கணினியே திணறுகிற கோப்பும் இருக்கும். பெயரின் வாலை மட்டும் எம்.ரி.எஸ் என்பதிலிருந்து எம்.பி.4 என்று திருத்தி எழுதினால் உள்ளே எதுவும் மாறாது. இதைச் செய்துவிட்டு ‘மாற்றித்தான் தந்தனான்’ என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

‘வி.எல்.சியில் ஓடுதே’ என்பது அடுத்த கேள்வி. வி.எல்.சி என்ற இலவச வீடியோ பிளேயர் தனக்கு வேண்டிய கோடெக்குகளைத் தன்னோடேயே கொண்டு திரிகிறது. எடிட்டிங் மென்பொருள்கள் அப்படி இல்லை. சிலவற்றுக்கு உரிமக் கட்டணம் கட்ட வேண்டும், சிலவற்றை விண்டோஸிடமோ கிராஃபிக்ஸ் கார்டிடமோ இரவல் வாங்க வேண்டும். அதோடு வி.எல்.சிக்கு முன்னோக்கி ஓடினால் போதும். எடிட்டருக்கோ முன்னும் பின்னும் தாவி, எந்த ஃபிரேமில் வைத்தாலும் அந்தக் கணமே படம் வர வேண்டும். வி.எல்.சியில் ஓடினால் கோப்பு பழுதில்லை என்று எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் எதற்கும் உத்தரவாதம் இல்லை.

முதல் வேலை: கார்ட்டை முழுசாகக் கொப்பி எடுப்பது

இது ஃபார்மட் சிக்கலே இல்லை, ஆனால் ஃபார்மட் சிக்கல் போல வேடம் போட்டு வரும். ஆகவே இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பழைய சோனி, பானாசோனிக் ஹான்டிகாம்கள் எழுதுவது ஏ.வி.சி.எச்.டி என்ற முறையில். 2006இல் அந்த இரண்டு கொம்பனிகளும் சேர்ந்து கொண்டுவந்தது. கார்ட்டைத் திறந்தால் பிரைவேட் என்றொரு ஃபோல்டர், அதற்குள் ஏ.வி.சி.எச்.டி, அதற்குள் பி.டி.எம்.வி, அதற்குள் ஸ்ட்ரீம் என்று வெங்காயம் உரிப்பது போல உரித்துக்கொண்டு போனால் கடைசியில் எம்.ரி.எஸ் கோப்புகள் இருக்கும். அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் குப்பை என்று விட்டுவிடுவது வழக்கம். அந்த மிச்சத்தில்தான் எந்தத் துண்டு எந்தத் துண்டோடு சேர வேண்டும் என்ற கணக்கு இருக்கிறது.

நீளமான பதிவைக் கமெரா 2 அல்லது 4 ஜிகாபைட் துண்டுகளாக வெட்டித்தான் எழுதும். ஃபேட் 32 முறையில் ஃபார்மட் செய்த கார்ட்டில் 4 ஜிகாபைட்டுக்கு மேல் ஒரே கோப்பாக வைக்க முடியாது என்பதுதான் காரணம். துண்டுகளைத் தனித்தனியாக டைம்லைனில் ஒட்டினால் ஒட்டிய இடத்தில் சத்தம் ஒரு கணம் விழும். கெட்டிமேளம் சரியாக அந்த இடத்தில் வந்தால் நீங்கள் தொலைந்தீர்கள். ஃபோல்டர் அமைப்பு அப்படியே இருந்தால், எடிட்டிங் மென்பொருளான பிரீமியரில் கோப்பை இழுத்துப் போடாமல் மீடியா பிரவுசர் வழியாக உள்ளே எடுங்கள். அது துண்டுகளைச் சேர்த்து ஒரே கிளிப்பாகக் காட்டும்.

கோப்ரோவில் காணாமற்போன கால் மணி நேரத்தின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். அதுவும் நீண்ட பதிவைத் துண்டாக்கும். ஆனால் பெயர் வைக்கிற விதம் வில்லங்கமானது. எழுத்துகளுக்குப் பிறகு வருகிற முதல் இரண்டு இலக்கம் துண்டின் எண், கடைசி நான்கு இலக்கம் பதிவின் எண். 34ஆம் பதிவின் முதல் துண்டு 010034, இரண்டாவது துண்டு 020034. பெயர் வரிசையில் அடுக்கினால் எல்லாப் பதிவுகளின் முதல் துண்டுகளும் முன்னுக்கு வந்துவிடும், இரண்டாம் துண்டுகள் அடியில் போய்க் கிடக்கும். என்னுடைய கால் மணி நேரம் அங்கேதான் கிடந்தது. எடுத்த நேரத்தின்படி அடுக்கிப் பாருங்கள்.

ஆகவே விதி ஒன்றுதான். கார்ட்டின் வேரில் இருந்து எல்லாவற்றையும் தெரிவுசெய்து, கமெராவின் பெயரும் திகதியும் போட்ட ஒரு ஃபோல்டருக்குள் அப்படியே கொப்பி பண்ணுங்கள். இரண்டு ஹாட் டிஸ்க்கில் இருந்தால் நல்லது. அதற்குள் எந்தக் கோப்பின் பெயரையும் மாற்ற வேண்டாம். ஆள் கலியாணப் பந்தி முடியமுன் கார்ட்டைத் திருப்பிக் கேட்டாலும் அவசரப்படாதீர்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது

மீடியா இன்ஃபோ என்று ஒரு சின்ன இலவச மென்பொருள் இருக்கிறது. போட்டு வையுங்கள். கோப்பை அதற்குள் இழுத்துவிட்டு, மர வடிவப் பார்வைக்கு மாற்றினால் உள்ளே இருப்பது முழுக்கத் தெரியும். அதை நிறுவ வழியில்லாத இடத்தில் வி.எல்.சியில் கன்ட்ரோலும் ஜேயும் சேர்த்து அழுத்தினால் சுருக்கமாகக் காட்டும்.

நிறைய எண்களைக் கண்டு மிரள வேண்டாம். எனக்குத் தேவைப்படுவது ஆறு. படத்தின் கோடெக் என்ன. நிறப் படிகளின் நுணுக்கமான பிட் ஆழம் 8ஆ 10ஆ. குரோமா, அதாவது நிற விவரத்தை எவ்வளவு வைத்திருக்கிறது என்பது, 4:2:0ஆ 4:2:2ஆ. செக்கனுக்கு எத்தனை படம் என்ற ஃபிரேம் ரேட் எவ்வளவு, அது நிலையானதா மாறுவதா. ஸ்கேன் வகை முழுப்படமாக எழுதும் புரோகிரெசிவா, அரை அரைப்படமாக எழுதும் இன்டர்லேஸா. கடைசியாக, சத்தத்தின் கோடெக். இந்த ஆறையும் ஒரு கொப்பியில் எழுதிவைத்தால், கீழே சொல்லப்போகும் எந்த அறிகுறி எங்கிருந்து வருகிறது என்று தானாகவே பிடிபடும்.

சத்தம் வருகிறது, படம் வரவில்லை

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பைப் பாவிக்கிறவர்கள் அதிகம் சந்திப்பது இதைத்தான். கிளிப் உள்ளே வரும், ஆனால் சத்தக் குறி மட்டும் இருக்கும். அல்லது சிவப்பாக மீடியா ஆஃப்லைன் என்று சொல்லும். மீடியா இன்ஃபோவில் பார்த்தால் பெரும்பாலும் 10 பிட், 4:2:2 என்று இருக்கும். சோனி ஏ7 4 போன்ற புதிய கமெராக்கள் இப்படிப் பதிவுசெய்ய வல்லவை. விண்டோஸில் ரிசால்வின் இலவசப் பதிப்பு இந்த வகை எச்.264, எச்.265 கோப்புகளைத் திறக்காது. ஸ்டூடியோ பதிப்பு திறக்கும். அதன் விலை 295 டொலர், ஒருமுறை கட்டினால் போதும். லினக்ஸில் இலவசப் பதிப்பு இன்னும் கண்டிப்பானது, சாதாரண எச்.264 கூட அங்கே திறக்காது.

இங்கே மூன்று வழி இருக்கிறது. காசு கட்டுவது, எடிட்டிங்குக்கு இலகுவான புரோரெஸ் போன்ற இடைநிலைக் கோடெக்குக்குக் கோப்பை மாற்றுவது, அல்லது அடுத்த முறை கமெராவிலேயே 8 பிட் 4:2:0 இல் எடுப்பது. கலியாண வேலைதான் உங்கள் தொழில், நிறத்தைப் பெரிதாகக் கிண்டப்போவதில்லை என்றால் மூன்றாவதே போதும் என்பது என் கருத்து. லாக் என்ற, நிறம் குறைந்து சாம்பலாகத் தெரியும் முறையில் எடுத்துப் பிறகு நிறம் திருத்துகிறவர்களுக்கு 10 பிட் கட்டாயம் வேண்டும்.

இன்னொரு காரணம் மென்பொருளின் வயது. எங்கள் பக்கத்தில் இன்னும் பல ஸ்டூடியோக்களில் பிரீமியர் சி.எஸ்.6 ஓடுகிறது. அது 2012இல் வந்தது. எச்.265 என்ற தரம் வெளியானதே 2013இல். பிறக்காத பிள்ளையை அது எப்படி அடையாளம் காணும்? அங்கே கோப்பில் பிழை தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும், முடியாவிட்டால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

விண்டோஸின் சொந்தச் செயலிகளில் மட்டும் எச்.265 திறக்கவில்லை என்றால், மைக்ரோசொஃப்ட் ஸ்டோரில் எச்.இ.வி.சி (எச்.265இன் மற்றப் பெயர்) எக்ஸ்ரென்ஷன் என்று ஒரு டொலருக்கும் ஒரு சதம் குறைவாக விற்கிறார்கள். கோடெக் பொதி என்ற பெயரில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கண்டகண்ட மூட்டைகளைப் போட வேண்டாம். ஒன்றைத் திறக்கப்போய் ஓடிக்கொண்டிருந்த மற்றதையும் நிறுத்திவிடும்.

படம் வருகிறது, சத்தம் இல்லை

ஹான்டிகாமின் நாதஸ்வரம் ஊமையானதற்குக் காரணம் ஏ.சி.3. எம்.ரி.எஸ் கோப்புகளில் சத்தம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். எல்லா எடிட்டர்களும், எல்லாப் பதிப்புகளும் இதைத் திறப்பதில்லை. இதற்குப் போய் முழுப் படத்தையும் மாற்றுவது வீண் வேலை. படத்தைத் தொடாமல் குட்டானை மட்டும் மாற்றி, சத்தத்தை மட்டும் பி.சி.எம் ஆக்கினால் போதும்.

ஷட்டர் என்கோடர் என்ற இலவச மென்பொருளில் ரீராப் என்ற தெரிவு இருக்கிறது. கோப்புகளைப் போட்டு, ரீராப்பைத் தெரிவுசெய்து, குட்டானை எம்.ஓ.வி என்று வைத்து, சத்தத்தை மட்டும் பி.சி.எம் ஆக்கச் சொல்லுங்கள். படம் அப்படியே கொப்பியாவதால் தரம் ஒரு துளியும் குறையாது. ஒரு மணி நேரப் பதிவும் ஹாட் டிஸ்க்கில் கொப்பி எடுக்கிற நேரத்தில் முடிந்துவிடும். தேநீர் ஆறுவதற்குள் என்று சொல்லலாம்.

எம்.கே.வி கோப்புகளுக்கும் இதே மருந்துதான். திரையைப் பதிவுசெய்யும் ஓ.பி.எஸ் மென்பொருளில் இருந்து வருபவை பலவும் எம்.கே.வி. உள்ளே இருப்பது சாதாரண எச்.264. குட்டானை மாற்றியதும் சமர்த்தாகத் திறக்கும்.

விக்கி விக்கி ஓடுகிறது

இதுதான் ஆட்களை அதிகம் அலைக்கழிக்கிற நோய், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எச்.264உம் எச்.265உம் ஒவ்வொரு ஃபிரேமையும் முழுதாக எழுதுவதில்லை. ஒரு முழுப் படம், அதற்குப் பிறகு ‘முந்தியதில் இருந்து இவ்வளவு மாறியது’ என்ற குறிப்புகள், பிறகு மீண்டும் ஒரு முழுப் படம். கமெராவுக்கு இடம் மிச்சம். ஆனால் நீங்கள் டைம்லைனில் நடுவில் ஓரிடத்தில் கேர்சரை வைத்தால், கணினி முந்திய முழுப் படம்வரை பின்னுக்குப் போய், குறிப்புகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு வந்துதான் அந்த ஃபிரேமைக் காட்டும். எச்.265 அதே தரத்தை இன்னும் சின்னக் கோப்பில் அடைக்கிறது. அடைத்த அளவுக்கு அவிழ்க்கிற வேலையும் கூடுகிறது. அதனால்தான் சின்னக் கோப்பு கனமாக ஓடுகிறது, பெரிய புரோரெஸ் கோப்பு பஞ்சு போல ஓடுகிறது. புரோரெஸில் ஒவ்வொரு ஃபிரேமும் தன் காலில் நிற்கிறது.

இந்த அவிழ்ப்பு வேலையைச் செய்ய கிராஃபிக்ஸ் சிப்புக்குள் தனிப் பகுதி இருக்கிறது. உங்கள் கமெராவின் வகையை அந்தப் பகுதிக்குத் தெரியுமா என்பதுதான் முழுக் கதையும். எச்.265, 10 பிட், 4:2:2 என்ற கூட்டை இன்டெல் ப்ராசசர்களின் உள்ளக கிராஃபிக்ஸ் 11ஆம் தலைமுறையில் இருந்து அவிழ்க்கிறது. அப்பிளின் எம்1 தொட்டு வந்தவையும் அவிழ்க்கும். ஆனால் என்விடியாவின் கார்ட்கள், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், ஆர்.ரி.எக்ஸ் 50 வரிசை வரும்வரை 4:2:2ஐ அவிழ்க்கவில்லை. இரண்டு இலட்சத்துக்குக் கார்ட் வாங்கியும் விக்குகிறது என்று புலம்புகிறவர்களுக்கு இதுதான் விடை.

கணினி பொருத்தப் போகிறவர்களுக்கு ஒன்று. இன்டெல் ப்ராசசரின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால் அதில் உள்ளக கிராஃபிக்ஸ் இல்லை. கொஞ்சம் மலிவு என்று கடையில் அதையே தள்ளிவிடுவார்கள். கேம் விளையாடுகிற பெடியனுக்குப் பரவாயில்லை. எடிட்டிங் செய்கிறவருக்கு அந்தச் சில ஆயிரம் ரூபாய் மிச்சம் நட்டத்தில்தான் முடியும். 

உங்கள் கணினியில் அந்த வசதி இருந்தும் விக்கினால், மென்பொருளின் அமைப்புகளில் வன்பொருள் டீகோடிங் (கிராஃபிக்ஸ் சிப்பே அவிழ்ப்பது) இயங்குகிறதா என்று பாருங்கள். கோப்புகள் பென்டிரைவில் இருந்தோ பழைய வெளி ஹாட் டிஸ்க்கில் இருந்தோ ஓடுகின்றனவா என்றும் பாருங்கள். இரண்டும் சரி என்றால், அல்லது கணினி பழையது என்றால், ப்ரொக்ஸிதான் வழி.

ப்ரொக்ஸி என்பது ஒத்திகைக்கு நிற்கிற ஆள் மாதிரி. மூலக் கோப்புக்குப் பதிலாக ஒரு சின்ன, இலகுவான பிரதி. வெட்டி ஒட்டுவது எல்லாம் அதில். ஏற்றுமதி செய்யும்போது மூலக் கோப்பு மேடை ஏறும். பிரீமியரில் கிளிப்புகளைத் தெரிவுசெய்து வலது கிளிக்கில் ப்ரொக்ஸி என்ற இடத்துக்குப் போனால் உருவாக்கலாம். ரிசால்விலும் மீடியா பூலில் வலது கிளிக்தான். புரோரெஸ் ப்ரொக்ஸி அல்லது டி.என்.எக்ஸ்.எச்.ஆர் எல்.பி, அளவு பாதி அல்லது கால்வாசி. ஒரே ஒரு எச்சரிக்கை: வெளியில் வேறு மென்பொருளில் செய்தால் பெயர், ஃபிரேம் ரேட், சத்தத்தின் சானல் எண்ணிக்கை மூன்றும் மூலத்தோடு ஒத்திருக்க வேண்டும். கமெராவில் நான்கு சானல், ப்ரொக்ஸியில் இரண்டு என்றால் பிரீமியர் இணைக்க மறுத்துவிடும்.

வாய் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்

கிளிப்பின் தொடக்கத்தில் எல்லாம் சரி. பத்து நிமிடம் போக, ஐயரின் மந்திரம் உதட்டுக்குப் பிந்தி வருகிறது. மீடியா இன்ஃபோவில் ஃபிரேம் ரேட் வகை ‘வேரியபிள்’ என்று இருக்கும். கைப்பேசிகள் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஃபிரேம் ரேட்டைக் கூட்டிக் குறைக்கும். சூம் பதிவுகளும் அப்படியே. எடிட்டரோ ஒரே தாளத்தை எதிர்பார்க்கிறது.

பிரீமியரின் புதிய பதிப்புகள் இதை ஓரளவு சமாளிக்கும். மற்றவற்றுக்கு ஹேண்ட்பிரேக் போதும். வீடியோப் பகுதியில் ஃபிரேம் ரேட்டை மூலத்துக்கு அண்மையான எண்ணில், பெரும்பாலும் 30இல் வைத்து, ‘கான்ஸ்டன்ட்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். தரத்துக்கான ஆர்.எஃப் எண்ணை 16 அல்லது 18 ஆக்குங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும். உங்கள் டைம்லைன் 25 என்பதற்காக இங்கேயே 25 ஆக்க வேண்டாம், அதை எடிட்டர் பார்த்துக்கொள்ளும்.

வெளிநாட்டில் இருந்து வருகிற கிளிப்புகளில் இன்னொரு சங்கடம். ரொறொன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் வாழ்த்து வட்ஸ்அப்பில் வீடியோவாக வந்தால் அது ஏற்கனவே நசுங்கிய கோப்பு. என்ன மாற்றினாலும் மீளாது. டொக்கியுமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள், 2 ஜிகாபைட்வரை அப்படியே வரும்.

முகம் வெளுத்துப்போனது

2020இல் வந்த ஐபோன் 12 தொட்டுப் பெரும்பாலானவை டொல்பி விஷன் என்ற, வெளிச்ச வீச்சு கூடிய எச்.டி.ஆர் முறையில் பதிவுசெய்யும். சாதாரண வீடியோவுக்கான ரெக் 709 என்ற நிற வெளியில் உள்ள டைம்லைனில் போட்டால் வெளிச்சம் எரிந்துபோய்த் தெரியும். கோப்பு பழுதில்லை, நிற வெளி பொருந்தவில்லை. வெளிச்சத்தைக் குறைக்கும் ஸ்லைடரோடு மல்லுக்கட்ட வேண்டாம். பிரீமியரில் டைம்லைன் அமைப்பில் அந்த வெளிச்சத்தைச் சாதாரண அளவுக்கு இறக்கும் தானியங்கி டோன் மேப்பிங்கை இயக்குங்கள். ரிசால்வில் கிளிப்பின் உள்ளீட்டு நிற வெளியை ரெக் 2100 எச்.எல்.ஜி என்று சொல்லி, நிற முகாமைத்துவத்தை இயக்குங்கள். எடுக்கிற ஆள் உங்களுக்கு முன்னமே அகப்பட்டால், போனின் கமெரா அமைப்புகளில் எச்.டி.ஆர் வீடியோவை நிறுத்தச் சொல்லலாம். அதே இடத்தில் ஃபார்மட்ஸ் என்பதற்குள் ‘மோஸ்ட் கொம்பேட்டிபிள்’ என்று வைத்தால் எச்.265க்குப் பதிலாக எச்.264 இல் எழுதும்.

சாம்பல் படிந்தது போல, நிறமே இல்லாமல் இருக்கிறது என்றால் அது வேறு. எஸ் லாக், சி லாக் போன்ற முறையில் எடுத்திருக்கிறார்கள். அதற்குரிய எல்.யு.ரி என்ற நிறத்திருத்தக் கோப்பைப் போட வேண்டும், கோப்பை மாற்றுவதால் ஒன்றும் நடக்காது.

சீப்பின் பல் போலக் கோடுகள்

பழைய ஹான்டிகாமில் கை அசையும்போது ஓரங்களில் கிடைக்கோடுகள் தெரியும். 50 ஐ என்ற இன்டர்லேஸ் பதிவு அது. செக்கனுக்கு 50 அரைப்படம். அரைப்படங்களை முழுப்படங்களாக்கும் டீஇன்டர்லேஸ் செய்யாமல் அளவைச் சுருக்கவோ பெருக்கவோ செய்தால் அந்தக் கோடுகள் படத்தோடேயே வெந்துபோகும், பிறகு எடுக்க முடியாது. 50 புரோகிரெசிவ் ஆக மாற்றினால் அசைவு வழுக்கிக்கொண்டு வரும். 

மினி டி.வி (டிஜிட்டல் வீடியோ) நாடாக்களில் இருந்து இறக்கிய பழைய ஊர்ப் படங்களுக்கும் இது பொருந்தும். 720 பெருக்கல் 576, மணிக்கு ஏறத்தாழ 13 ஜிகாபைட். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இடம்பெயர்ந்து போனவர்கள் வீட்டில் அப்படியொரு நாடா தப்பிக் கிடந்தால், இறக்கிய மூலக் கோப்பை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். சுருக்கிய பிரதியைப் பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளலாம்.

மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால்

மேலே சொன்னதெல்லாம் பார்த்தும் வழியில்லை என்றால் மாற்றலாம். இணையத்தில் ஏற்றி மாற்றுகிற தளங்கள் வேண்டாம், ஷட்டர் என்கோடரே போதும். 8 பிட் மூலத்துக்கு டி.என்.எக்ஸ்.எச்.ஆர் எஸ்.கியூ அல்லது புரோரெஸ் 422. 10 பிட் மூலத்துக்கு டி.என்.எக்ஸ்.எச்.ஆர் எச்.கியூ.எக்ஸ் அல்லது புரோரெஸ் 422. இங்கே ஒரு பொறி இருக்கிறது: எச்.கியூ என்பது 8 பிட்தான், கடைசியில் எக்ஸ் இருந்தால்தான் 10 பிட் தப்பும். ஃபிரேம் ரேட்டையும் அளவையும் தொடாதீர்கள்.

இடத்தை முன்கூட்டியே கணக்குப் பாருங்கள். 1080, 25 ஃபிரேமில் புரோரெஸ் 422 செக்கனுக்கு 122 மெகாபிட், மணிக்கு 55 ஜிகாபைட். 4கேயில் 492 மெகாபிட், மணிக்கு 220 ஜிகாபைட்டைத் தாண்டும். கமெராவில் 100 மெகாபிட்டில் எடுத்த அதே ஒரு மணி நேரம் 45 ஜிகாபைட்தான். எட்டு மணி நேரக் கலியாணத்தை 4கேயில் முழுசாக மாற்றினால் இரண்டு டெராபைட் டிஸ்க் கிட்டத்தட்ட நிறைந்துவிடும். ஆகவே பார்த்துத் தெரிந்தெடுத்த கிளிப்புகளை மட்டும் மாற்றுங்கள். மாற்றுவதால் தரம் கூடாது, இருப்பது காப்பாற்றப்படும், அவ்வளவுதான்.

முதலில் ஒரு நிமிடக் கிளிப் ஒன்றை மாற்றி, டைம்லைனில் போட்டு, சத்தமும் உதடும் நிறமும் சரியா என்று பார்த்துவிட்டே மிச்சத்தை வரிசையில் போடுங்கள். இரவு ஓடவிட்டுப் படுப்பதென்றால் யு.பி.எஸ் இருக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் அப்போது எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நிற்கும், பார்வைக்கு முழுசு போலவே இருக்கும். காலையில் ஒவ்வொன்றின் நீளத்தையும் மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

எதிலும் திறக்காத கோப்பு

வி.எல்.சியிலும் ஓடவில்லை என்றால் அது பெரும்பாலும் பழுதான கோப்பு. பதிவு ஓடும்போதே பற்றரி இறந்தாலோ கார்ட்டை இழுத்தாலோ, எம்.பி.4இன் கடைசியில் எழுதப்பட வேண்டிய அட்டவணை எழுதப்படாமல் போய்விடும். உள்ளே படம் இருக்கும், எங்கே என்ன இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. கார்ட்டை ஃபார்மட் பண்ணாமல் அதே கமெராவில் திருப்பிப் போட்டுப் பாருங்கள், சில கமெராக்கள் தாங்களாகவே சரிசெய்யட்டுமா என்று கேட்கும். கேட்காவிட்டால் அன்ட்ரங்க் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதே கமெராவில், அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரிக்குக் கொடுத்தால், அதைப் பார்த்துப் பழுதானதைக் கட்டியெழுப்பப் பார்க்கும். எப்போதும் வெற்றி இல்லை, ஆனால் நம்பிக்கை வைக்கலாம்.

எடுக்கப்போக முன்

பல கமெரா வேலை என்றால் எல்லாரையும் 25இல் நிற்கச் சொல்லுங்கள். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். 30 ஃபிரேமில் 60இல் ஒரு பங்கு ஷட்டரோடு மண்டப விளக்குகளின் கீழ் எடுத்தால் திரையில் பட்டை பட்டையாக ஓடும். கனடாவில் இருந்து வாங்கி வந்த சோனி கமெராக்கள் 30, 60 ஃபிரேமுக்கான என்.ரி.எஸ்.சி முறையில் நிற்கும், அமைப்பில் பி.ஏ.எல் முறைக்கு மாற்றினால்தான் 25, 50 எல்லாம் கண்ணில் படும். பழைய மொடல்களில் மாற்றும்போது கார்ட்டை ஃபார்மட் பண்ணச் சொல்லும், ஆகவே மண்டபத்தில் நின்றுகொண்டு செய்யாதீர்கள். நல்லூர்த் தேருக்கு வெளிவீதியில் நிற்கும்போதும் அப்படியே, ஸ்லோமோஷன் வேண்டும் என்றால் 50 அல்லது 100இல் எடுங்கள், 25க்குச் சரியாகப் பிரியும். யாராவது 60இல் எடுத்துத் தந்துவிட்டால் அதை 25 ஆக வாசிக்கச் சொல்லுங்கள், சுமார் 42 சதவீத வேகத்தில் அழகான ஸ்லோமோஷன் கிடைக்கும். மாலை மாற்றுகிற இடத்துக்கு அதுவே போதும்.

முடித்துக் கொடுக்கும்போது எச்.264, 1080, 25 ஃபிரேம், சத்தம் ஏ.ஏ.சி. 4கே எச்.265 என்று கொடுத்தால் பொம்பிளையின் அம்மம்மா வீட்டு ரீவியில் ‘கோப்பு ஆதரிக்கப்படவில்லை’ என்று வரும், அந்த அழைப்பு இரவு ஒன்பதரைக்கு உங்களுக்குத்தான் வரும். பென்டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்து கொடுத்தால் பல பழைய ரீவிகள் வாசிக்காது. ஃபேட் 32இல் வைத்து, ஒவ்வொரு பகுதியையும் 4 ஜிகாபைட்டுக்குள் வெட்டி, தாலி கட்டு இருக்கிற பகுதிக்கு 1 என்று பெயர் வையுங்கள். அவர்கள் முதலில் திறக்கப்போவது அதைத்தான்.